"மலைக்குப் போறோம் சார்"

போன மாதம் ஒரு நாள், காலை பத்து இருபதுக்குப் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பினாயில் வாடை மூக்கில் ஏற, நெருப்பாய்க் கொதித்த அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். சிறுநீர்த் தொற்று முற்றியிருக்கிறது, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டார். "குடிச்சா போகணுமேம்மா" என்றாள் அவள், என்னைப் பார்த்து. "அங்க கதவு பூட்டாது. பைப்புல தண்ணியும் வராது."

நானும் அதே பாடசாலையில் படித்தவள். அப்போது அங்கே கழிப்பறையே கிடையாது. கட்டடத்தின் பின்சுவரோடு தொடங்கிய தேயிலைச் செடிகள்தான் எங்களுக்கு மறைவு. கொழுந்து பறிக்கப் போவதைத் தோட்டத்தில் "மலைக்குப் போறது" என்பார்கள். அவசரம் வந்தால் நாங்களும் எழுந்து, "மலைக்குப் போறோம் சார்" என்போம். இரண்டு பேராகப் போய், ஒருத்தி குந்த, மற்றவள் பாதையைப் பார்த்தபடி உரக்க வாய்ப்பாடு சொல்வாள். வாய்ப்பாடு நின்றால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஆடி மழையில் பாவாடை நனைந்து, காலில் அட்டை ஏறி, அப்படித்தான் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு மனப்பாடமானது.

ஒரு வருடம் வெளியூரிலிருந்து புதிதாக ஒரு சார் வந்தார். "மலை, மலை" என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் பாடநேரத்தில் கொழுந்து பறிக்கப் போகிறார்கள் என்றே நம்பிவிட்டார். பெற்றோரைக் கூப்பிட்டு, "படிக்கிற வயசில வேலைக்கு விடுறீங்களே, வெட்கமில்லையா?" என்று கத்தினார். என் அப்பா தலைகுனிந்து நின்றார். எங்களில் ஒருத்திக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நல்லவேளை, நீ வாயத் தொறக்கல. பொம்பளப் புள்ள அதையெல்லாம் சபையில சொல்லுவாளா? அடக்கிக்கிட்டு இரு" என்றார். இரண்டு விதமாகவும் அடக்கி வளர்ந்தவர்கள் நாங்கள்.

இன்று அந்தத் தேயிலை இல்லை. பிடுங்கி மைதானம் ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கிருந்த மறைவுகூட என் மகளுக்கு இல்லை.

போன வாரம், கழிப்பறையைத் திருத்திக் கட்டுவதற்குப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மேசையில் விரித்த வரைபடத்தில் பளபளக்கும் டைல்ஸ், ஆளுயரக் கண்ணாடி, வாசலில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. தண்ணீர்த் தொட்டி இல்லை. பெண் பிள்ளைகளின் கதவு நேரே மைதானத்தைப் பார்த்திருந்தது. உட்கார்ந்தபடியே இரண்டையும் கேட்டேன்.

"தண்ணிய பொறகு பார்ப்போம், தங்கச்சி" என்றார் கட்டடக் குழுத் தலைவர். "பொம்பளப் புள்ளைங்க சங்கதிய ஆம்பளைங்க இருக்கிற எடத்துல எதுக்குப் பேசிக்கிட்டு?"

எழுந்தேன். "கக்கூஸ்னு சொல்லுங்கண்ணே. அத சொல்ல வெட்கப்பட்டுத்தான் என் மக ஆஸ்பத்திரியில கெடந்தா. மாதவிடாய் வந்தா எங்க புள்ளைங்க ஸ்கூலுக்கே வர்றதில்லையே, ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அக்காவுக்கு சாமி வந்திருச்சு!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள்.

"ஆமா, வந்திருச்சு. தண்ணிக் கொழாயக் காட்டினாத்தான் மலையேறும்!"

பாடசாலை அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு தாய் சொல்வதற்காக வரைபடத்தை மாற்ற முடியாது, மற்றப் பெற்றோர் யாரும் எதிர்க்கவில்லையே என்றார்.

மற்றத் தாய்மார் அங்கே இல்லை. கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்திருந்தார்கள். அதை நான் சொல்ல வாயெடுக்கும்போதே வாசலில் சத்தம் கேட்டது. அந்தத் தாய்மார்தான். மதியக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். என் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாய் புஷ்பம்தான் முன்னால் நின்றாள். வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கண்ணாடி வேணாங்க சார்" என்றாள். "எங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியும். தண்ணியும், உள்ளுக்குப் பூட்டுற கதவும் போட்டு எழுதுங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."