நைனா நிறுத்திய மாத்திரை

செஞ்சியில் நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். அந்த வீட்டுப் பெண்ணான நான் சென்னையில் மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். வீட்டில் நைனாவிடமும் அம்மாவிடமும் ‘சர்க்கரை நோய் ஆராய்ச்சி’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை.

ஜீப்ரா மீன் சுண்டுவிரல் நீளம்கூட வராது. குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே ஈரல் தெரியும். நம் உடம்பில் கொழுப்பையும் சர்க்கரையையும் கவனிக்கும் மரபணுக்களில் பல அதற்கும் உண்டு. ஒரு மரபணுவை முடக்கி, முட்டை மஞ்சள் கரைத்த தண்ணீரில் குஞ்சை விட்டு, ஈரலில் கொழுப்பு எப்படிச் சேருகிறது என்று பார்ப்பது என் வேலை. பார்த்து முடித்ததும் மயக்க மருந்து கொடுத்துக் கொன்றுவிடுவோம்.

கையில் வலையோடு நான் நிற்கும் போட்டோ ஒன்று எப்படியோ அண்ணனின் போனுக்கு வந்துவிட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, நான் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.

“மீனக் கொல்ற வேலையா பாக்குற?”

“நைனாவுக்கு இருக்குதே, அந்த நோய்க்காகத்தான் பாக்குறேன்.”

“நைனா கேட்டாரா உன்ன?”

நைனா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் சொன்னார்: “அவ கையால எனக்கு ஒண்ணும் குடுக்க வாணாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தெனம் ஒரு மாத்திரை முழுங்குறீங்களே, அது இன்னா மரத்துல காய்ச்சுதா? எலிக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் உங்களுக்குக் குடுத்தாங்க.”

நைனா எழுந்து கை கழுவினார். அலமாரியிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். “எடுத்துக்கினு போ.”

மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே நிறுத்திவிட்டார். அம்மா மாத்திரையைப் பொடி செய்து மோரில் கலந்து கொடுத்தாள். அது தெரிந்ததும் மோரையும் விட்டார். அண்ணன் போனில் என்னைத் திட்டினான். நானும் திட்டினேன்.

மழைக்காலத்தில் அவர் காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஒருநாள் மண்டியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசியைப் பார்த்ததும், “இது எந்த உயிரிலேர்ந்து எடுத்தது?” என்று கேட்டாராம். “இதப் போடலன்னா கால எடுக்கணும் பெரியவரே” என்றார் டாக்டர். நைனா கையை நீட்டியிருக்கிறார்.

நான் போய் நின்றபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஊசி போட்டுக்கினேன்னு குத்திக்காட்ட வந்தியா?”

“அப்படியே வச்சுக்கோங்க.”

வெளியே வந்ததும் அண்ணன், “இனிமே நல்லது கெட்டதுக்கு மட்டும் வா, போதும்” என்றான். அதற்கும் நான் போவதில்லை.

கால் பிழைத்துக்கொண்டது. நைனா இப்போது தானே ஊசி போட்டுக்கொள்கிறார் என்று அம்மா போனில் சொல்கிறாள். நான் விசாரிப்பதை அவள் அவரிடம் சொல்வதில்லை. நானும் சொல்லச் சொன்னதில்லை.