பார்வை நலம்

நான்காக மடித்த காகிதம் ஒன்று என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. பிரித்தால் ஆறு வரி எழுத்துகள். மேலே பெரிதாக ஒரே ஒரு ‘ட’. கீழே போகப் போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வரும். பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்ததாக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று சந்தேகம்.

அது யுத்த காலம். கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. மலைமேல் சோளக்காடு ஊரின் மிளகும் பலாவும் தலைச்சுமையாகத்தான் காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து எங்கள் முதலாளியின் லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும். நான் அந்த ஷெட்டில் குமாஸ்தா. டிரைவர்களின் லைசென்ஸ், டாக்டர் சர்டிபிகேட், புதுப்பிக்க வேண்டிய நாள் எல்லாவற்றையும் ஆளுக்கொரு பைலாகக் கட்டி வைப்பது என் வேலை. எந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டுவேன். அதில் எனக்கு அப்போது அவ்வளவு கர்வம்.

டிரைவர்களில் ஒருவர் மலைமேலுள்ள வாழவந்தி நாட்டுக்காரர். சுமை தூக்கி வந்தவர், கிளீனராகி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். அவர் ஊரில் லாரி ஓட்டிய முதல் ஆள். ஒரு நாள் தலைத்துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

“ஏனுங்க குமாஸ்தா, பொழுது சாஞ்சா எதுத்தாப்புல வாரது நெழலாட்டந்தான் தெரியுதுங்க. அதையும் பைல்ல எழுதிக்கங்க. எனக்குக் கிளீனர் வேலையே போதுமுங்க.”

இப்படித் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்ளும்படி நேர்மையாகப் பேசிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். இருந்த டிரைவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போயிருந்த சமயம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வண்டியும் ஓடோணும், பைலும் சரியா இருக்கோணும். உனக்கு வேற என்னப்பா வேலை?” என்றார்.

சர்டிபிகேட் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. எழுத்துத் தெரியாதவர்களுக்கு டாக்டர் தூரத்தில் நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார். அதை மனப்பாடம் செய்ய முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிடலாம். இந்த யோசனை முதலாளிக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது. வேறொரு டிரைவரை டாக்டரிடம் கூட்டிப் போன சாக்கில் அட்டையை அப்படியே இந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மலைக்காரருக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பாட்டுப் படிப்பதுபோல் மூன்று நாளில் ஆறு வரியையும் பிடித்துக்கொண்டார்.

“யார் கேட்டாலும் எழுத்துத் தெரியும்னே சொல்லுங்க. பேச்சு மாறிடாதீங்க” என்றேன்.

“உங்களுக்குக் குடுத்த சொல்லு மாறமாட்டனுங்க” என்றார்.

டாக்டரின் குச்சி போன வழியில் அவர் வாயும் போனது. எழுத்தறிவு உண்டு, பார்வை நலம் என்று சர்டிபிகேட் வந்தது. தேதி போட்டுப் பைலில் கோத்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் அந்தி மங்கும் நேரம், அடிவாரத் திருப்பத்தில் மிளகு மூட்டையோடு இறங்கிய ஒருவர் மீது மலைக்காரர் ஓட்டிய லாரி ஏறிவிட்டது. செத்தவர் அவர் ஊர்க்காரர்தான். பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு இவர் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் ஷெட்டைத் தான் பார்த்ததே இல்லை என்று என்னைப் பாராட்டினார். அந்தத் திருப்பத்தில் ‘சுமைக்காரர் வரும் வழி, மெதுவாகப் போகவும்’ என்று ஒரு பலகை இருந்தது. கோர்ட்டில் மலைக்காரரிடம் அதை வைத்தே கேட்டார்கள்.

“எழுத்துத் தெரியுமா?”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மடியிலிருந்த பைலைப் பார்த்தேன்.

“தெரியுமுங்க.”

கண் நன்றாகத் தெரிகிறது, பலகையைப் படிக்கவும் தெரியும், ஆகவே வேண்டுமென்றே வேகமாகப் போயிருக்கிறார் என்று முடிவாயிற்று. ஷெட்டின் மீது ஒரு குற்றமும் இல்லை. அவரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை போயிருக்கும், நானும் உள்ளே போயிருப்பேன். பயந்தேன். அதற்கு மேல் அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தண்டனை முடிந்து ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பட்டப்பகல்தான். ஆனாலும் என் குரல் வந்த பக்கமாகத்தான் முகத்தைத் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து நின்றுகொண்டு ‘ட’வில் தொடங்கி ஆறு வரியையும் நிறுத்தாமல் சொன்னார்.

“சரீங்களா?”

“சரி” என்றேன்.

“வாரனுங்க” என்று சொல்லி மனைவியின் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு மலைப் பாதையில் ஏறிப் போனார்.

அவர் போன பிறகு இந்தக் காகிதத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை.