பெயர் எழுதாத போத்தல்

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த காலத்தில், போத்தலில் பெயர் எழுதாத பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். தொண்ணூறுகளில், டோர்ட்மண்டில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கொரு பைத்தியம் பிடித்தது. கனிமச் சந்தையில் யுரேனியக் கல்லொன்றை வாங்கிவந்து, எங்கள் குடியிருப்பின் நிலவறையில் வைத்து அமிலத்தில் கரைத்தேன். கடைசியில் மஞ்சள் தூள் படிந்தது. அப்போது அடைந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது. சவர்க்கார நாற்றத்தோடு திரிந்தவனுக்கு ஒரு மணிநேரமாவது மறுபடி இரசாயன மாஸ்டராக இருக்க ஆசை, அவ்வளவுதான்.

தூளை ஊறுகாய்ப் போத்தலில் போட்டேன். பெயர் எழுதவில்லை. எங்கள் அன்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், அப்போது முடிவாகவில்லை. யாராவது வாசித்துப் பொலிசுக்குச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கும் சடங்கு. உதவிக்கு மனைவியின் அக்கா வந்திருந்தார். நான் வேலைக்குப் போன நேரம், பெரிய சட்டி எடுக்க நிலவறைக்குப் போனவர் அந்தப் போத்தலையும் எடுத்து வந்திருக்கிறார். எங்கள் ஆட்களின் வீட்டில் ஊறுகாய்ப் போத்தலில்தானே தூள் வகை இருக்கும். நான் திரும்பி வந்தபோது மேசையில் போத்தல் வெறுமையாக இருந்தது. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார். தொட்டிலுக்கும், பிள்ளைக்கும்.

"தம்பி, உங்கட மஞ்சளில ஒரு வாசமுமில்லை. இந்த நாட்டுச் சாமான் இப்பிடித்தான்."

பிள்ளையைக் குளிப்பாட்டினேன். தொட்டில் துணியை எறிந்தேன். நிலத்தை மூன்று தரம் துடைத்தேன்.

"மனிசனுக்குப் பிள்ளையில இருக்கிற பாசத்தைப் பாரன்" என்று அக்கா தங்கையிடம் சிரித்தார்.

அதற்குப் பிறகு மகளின் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் செத்துப் பிழைத்தேன். ஆறு வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நச்சுப் பொருள் ஏதாவது பட்டதா என்று டாக்டர் கேட்டார். அதற்குள் அன்ராக் ஏற்கப்பட்டுவிட்டது, பயப்படக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் மனைவி இருந்தாள். இல்லை என்றேன். கட்டி இரண்டு கிழமையில் வற்றியது. அக்கா தெளித்த மஞ்சள்தான் பிள்ளையைக் காத்தது என்றாள் மனைவி.

இப்போது மகள் பிள்ளைத்தாச்சி. வயிற்றில் இருப்பதை நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

"முப்பத்தொண்டுக்கு அக்காவையே கூப்பிடுவம். அவவின்ர கை ராசியான கை" என்கிறாள் மனைவி.

"ஓம்" என்றேன்.