பதினோரு போதகர்கள் ஏன் போனார்கள்?

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், கடைசியில் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் உங்களுக்கு இருக்காது.

என் மகள் ஒரு கிறிஸ்துவப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். எங்கள் வீட்டில் மறுப்பில்லை. பையனின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. மலாக்கா டவுனில் ஒரு புராட்டஸ்டண்ட் சபைக்கு அவர் செயலாளர். பாச்சாங்கில் அவர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வாசல் வரை வந்தவர், "சார் தமிழ் வாத்தியாரா இருந்தவர்தானே? ஆண்டு விழா மலருக்கு எங்க சபை வரலாற்றை எழுதித் தர்றீங்களா?" என்றார்.

இது எனக்கு வைக்கும் பரீட்சை என்று புரிந்தது. இதில் தவறினால் மகள் கல்யாணம் அம்போ.

நான் புலாவ் செபாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சிலுவை நின்றால் மாதா கோயில், அங்கி போட்டவர் ஃபாதர்; அதோடு என் கிறிஸ்துவ அறிவு முடிந்தது. "இங்க மாதா இல்ல சார்" என்று முதல் நாளே செயலாளர் திருத்தினார். ஒரு கோயிலை டச்சுக்காரன் கட்டினானாம், பிறகு இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டானாம். இன்னொரு சபை அமெரிக்க மிஷனோடு வந்ததாம். சாமி ஒன்றுதான், போர்டு மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டேன். அவர் விளக்கினார். விளக்க விளக்க எனக்குக் குழப்பம் கூடியது.

அவர்கள் கோயில் சுவரில் போதகர்களின் பெயர்ப் பலகை இருந்தது. இவர் மூன்று வருடம், அவர் நான்கு வருடம், இன்னொருவர் இரண்டே வருடம். எண்ணினேன், பதினோரு பேர். எனக்குப் பகீரென்றது. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரே பூசாரி. எனக்கு மீசை முளைத்து நரைக்கும்வரை அவர்தான். அவருக்குப் பின் வந்தவர் இரண்டே வருடத்தில் போனதற்குக் காரணம், திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று கோயில் தலைவரோடு அடிதடி. இங்கே பதினோரு பேர்!

மறைக்காமல், ஆனால் நாகரிகமாக எழுதினேன்: "நிர்வாகத்தோடு ஒத்துப்போக இயலாமல் பதினோரு போதகர்கள் அடுத்தடுத்து விலகியும் சபை மனம் தளரவில்லை."

ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்பக்க மண்டபத்தில் எல்லாரும் மீஹூன் நூடுல்ஸ் சாப்பிடும்போது, என்னையே வாசிக்கச் சொன்னார் செயலாளர். அந்த வரிக்கு நல்ல ஏற்ற இறக்கம் கொடுத்து வாசித்தேன்.

ஓர் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சின்னப் புள்ளையிலேர்ந்து இங்கதான் இருக்கேன். இவ்வளவு சண்டை நடந்திருக்கு, என்னை ஒருத்தரும் கூப்பிடலியே லா!"

இளம் போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அங்கிள், சில வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை வேற ஊருக்கு மாத்திருவாங்க. போலீஸ்காரங்களுக்கு டிரான்ஸ்பர் வர்ற மாதிரி. யாரும் சண்டை போடல."

"ஒருத்தர்கூடவா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கூட வந்திருந்த மகள் மீஹூன் தட்டுக்குள் முகத்தைப் புதைக்காத குறை. செயலாளர் என் கையிலிருந்த தாள்களை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. கார் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், வரலாற்றைத் திருத்திடலாம். புள்ளைங்க கல்யாணம்..."

கார் கதவைத் திறந்தபடி அவர் சொன்னார்: "ஸ்கூல் லீவுல வச்சுக்கலாம் சம்பந்தி, பத்திரிகைய மட்டும் நீங்க எழுதாதீங்க."