ஐந்தாவது டிவியின் ஜப்பான் விளையாட்டு

“பிடிச்ச சாமானைக் கடையில வைக்காதே” என்பாரோ, “கடையில வச்ச சாமானைப் பிடிச்சுக்காதே” என்பாரோ, பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த என் பெரியப்பா, சரியாக ஞாபகமில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும், வீடியோ கேமை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் என் தொழிலுக்குப் பொருந்தும்.

கட்டாரில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடம் நின்றுவிட்டு, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடையைத் திறந்தேன். ஐந்து டிவி. நாலில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஓடின. ஐந்தாவதில், எனக்குப் பிடித்த ஒரு ஜப்பான் கதை விளையாட்டைப் போட்டேன். தன் ரசனையை ஊருக்குப் பரிமாறப் போய்ச் சூடுபட்டவர்களே, மிச்சத்தை நீங்கள்தான் பொறுமையாகக் கேட்பீர்கள்.

மெனு

அந்த விளையாட்டின் மெனுவைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். கறுப்பும் மஞ்சளும், எழுத்தெல்லாம் சாய்ந்து நடனமாடும். ஒரு பொத்தானை அமுக்கினால் கதாநாயகன் கோட்டைச் சுழற்றித் திரும்புவான். பின்னால் சாக்ஸபோன். த்ரீவீலர் ஓட்டும் ரவிக்கு அதை முதலில் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மூடி, இசையையும் நிறத்தையும் விளக்கினேன். கால் மணித்தியாலம் போனது. ரவி மரியாதையான பிள்ளை. கைகட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“மெனு சூப்பர் அண்ணே. கேம் எப்ப வரும்?”

பேச்சு

கேம் வர நேரமாகும். முதல் ஒரு மணித்தியாலம் எல்லோரும் பேசுவார்கள். குரல் ஜப்பான் மொழியில், எழுத்து ஆங்கிலத்தில். இரண்டு மொழியில் படித்தவன் என்ற பெருமை எனக்கு இருந்ததால், விளையாட வந்தவர்களின் கதிரைக்குப் பின்னால் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெண் குரலுக்குக் கொஞ்சம் மென்மை, வில்லனுக்குக் கொஞ்சம் கட்டை என்று குரலையும் மாற்றினேன். மறைக்க ஒன்றுமில்லை, ரசித்தே செய்தேன்.

பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் நிசாம் நானா பிளேன்டீயோடு வந்து வாசலில் நின்று பார்த்தார். டீ முடிந்தது. பேச்சு முடியவில்லை.

“என்ன தம்பி, இது கேமா, கல்யாணப் பேச்சா? இவ்வளவு நேரமா பேசுறாங்க, இன்னும் ஒரு முடிவும் வரலையே!”

பெரட்டு

இந்த விளையாட்டில் சண்டை பின்னேரத்தில்தான். பகலில் கதாநாயகன் பள்ளிக்கூடம் போக வேண்டும். பரீட்சைக்குப் படிக்க வேண்டும். ஒரு தேநீர்க் கடையில் வேலையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு காலையும் திரையில் திகதி தட்டென்று விழும். எனக்கு அது கவிதை.

பூனாகலையில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் ஜெயராஜ் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். திரையில் கதாநாயகன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தேயிலையை அளந்து போட்டான். ஜெயராஜ் கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

“சார், ஆறு நாளும் விடிஞ்சா பெரட்டுல நின்னு பேர் குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். ஏழாவது நாளும் தேயிலையா? அந்தக் கிரிக்கெட்ட போடுங்க.”

டீச்சர்

ஐந்தாவது டிவிக்கு உண்மையான ஆள் ஒருவர்தான்: மகேஸ்வரி டீச்சர். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். சனிக்கிழமை பதுளையில் ஒரு பயிற்சி வகுப்பு. அது முடிந்து பஸ் வரும்வரை இரண்டு மணித்தியாலம் இங்கே. என் மொழிபெயர்ப்பை முதல் நாளே, சிரித்துக்கொண்டே, நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரே மாதிரி நிலவறைகளில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவது அவருக்கும் அலுப்புத்தான். அவர் வந்தது ஹனாவுக்காக. ஹனா, கதையில் யாரோடும் ஒட்டாத ஒரு பெண். மாதக்கணக்கில் டீச்சர் அவளோடு மெல்ல மெல்லச் சிநேகிதம் சேர்த்தார். வகுப்பு முடிய இரண்டே கிழமை. அதற்குள் ஹனாவின் முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்பார். அப்படி என்ன இருக்கிறது அவளிடம் என்று கேட்டேன்.

“வீட்டுல, ஸ்கூல்ல, எல்லாரும் என்ன செய்யணும்னுதான் சொல்றாங்க சார். எங்க போகலாம்னு கேக்குறது இவ மட்டும்தான்.”

ஒரு பதில்

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாருமில்லை. சும்மா பார்க்கலாமே என்று டீச்சரின் ஆட்டத்தைத் திறந்தேன். சேவ் செய்யாமல் வெளியே வந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஹனா வந்தாள்; ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வர முடியுமா என்று கேட்டாள். மூன்று பதில்கள் இருந்தன. “இன்னொரு நாள் பார்க்கலாமே” என்பதை என் விரல் தானாக அமுக்கியது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். திகதி தட்டென்று விழுந்தது; விளையாட்டு தானாகவே பதிந்துகொண்டது. டீச்சர் வைத்திருந்தது ஒரே ஒரு சேவ்; அது அழிந்து, இது அதன்மேல் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஹனா வரவே இல்லை. ஆட்டத்தில் நாலு நாள் தேடினேன். அந்த நாலும் பதிந்தன.

சனிக்கிழமை டீச்சர் பையை வைப்பதற்கு முன்பே, அமுக்கிய பதில் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசி வரை பார்க்க வேண்டுமென்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். உட்கார்ந்து ஹனாவின் படத்தைத் திறந்தார். அது சாம்பல் நிறமாகியிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

“ஹோட்டல்லயும் எல்லாருக்கும் இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா சார்?”

அன்று பின்னேரம் ஐந்தாவது டிவியிலிருந்து விளையாட்டுப் பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கையும் வயர்களையும் சேர்த்துக் கட்டி, ஹல்துமுல்லை பஸ்ஸில் ஏறிய டீச்சரிடம், முடிவைப் பார்த்த பிறகு கொண்டுவந்தால் போதும் என்று கொடுத்தனுப்பினேன்.