ஆறு பேர் படகுக்கு நாலு பேர் தெப்பம்

தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர் வேலையில் ஆராய்ச்சி கால் பங்கு, உதவி கால் பங்கு, மீதி அரைப் பங்கு யாரிடமாவது கையெழுத்துக்காக நிற்பது. அப்படி நின்று கால் கடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் என்னைச் சண்டைக்காரி என்பார்கள். சொல்லட்டும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஆய்வு மையத்துக்கு அலுவலகம் சிதம்பரத்தில், படகு கடலூர் துறைமுகத்தில். தண்ணீருக்கடியில் மைக்கை இறக்கி மீன்கள் எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்வது என் பிஎச்.டி. இன்ஜின் ஓடினால் ஒன்றும் கேட்காது என்பதால் பாய் கட்டிய சின்ன ஃபைபர் படகு. ஆய்வு மாணவர்கள் நான்கு பேர் போவோம். சுக்கான் பிடிப்பவர் ஏழுமலை அண்ணன். பாயைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய தங்கை கணவர் செல்வம் அண்ணன். லைஃப் ராஃப்ட் இல்லாமல் இனி கடலுக்குப் போகக் கூடாது என்று நிதி கொடுப்பவர்கள் கடிதம் போட்டார்கள். தண்ணீரில் வீசிக் கயிற்றை இழுத்தால் தானே காற்று நிரம்பிக் கூரையோடு விரியும் தெப்பம் அது. "நீயே பார்த்து ஒண்ணு தேர்வு பண்ணும்மா" என்று இயக்குநர் என் தலையில் கட்டினார். எனக்கு அன்று பெருமையாக வேறு இருந்தது.

கரை தெரியுமில்ல?

எதற்கும் முதலில் மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், டீ சொன்னார், எவ்வளவு தூரம் போகிறோம் என்று கேட்டார். ஐந்தாறு கிலோமீட்டர் என்றேன்.

"அங்கருந்து கரை தெரியுமில்ல?"

"எங்களுக்குக் கரை தெரியும் சார். கவுந்துட்டோம்னா கரைக்கு எங்களைத் தெரியாது."

ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"தெரியலைன்னா ஒரு போன் போடுங்கம்மா, ஆள் அனுப்புறோம்."

கப் வைக்கக் குழி

மறுவாரம் அவரே கூப்பிட்டு செல்போனை நீட்டினார். இணையத்தில் பிடித்திருக்கிறார்: மஞ்சள் நிறக் காற்றடைத்த படகு, ரெண்டு துடுப்பு, கப் வைக்க ஓரத்தில் குழி, கால் பம்ப் இலவசம். ஒரு குடும்பம் அதில் உட்கார்ந்து ஏதோ ஏரியில் சிரித்துக்கொண்டிருந்தது.

இதற்கு வெயிலைத் தடுக்கக் கூரை இல்லை, அலை புரட்டாமல் இருக்க அடியில் தண்ணீர் பிடிக்கும் பைகள் இல்லை, காற்று நிரப்பும் சிலிண்டர் இல்லை என்று விரல் விட்டு எண்ணினேன். "படகு முழுகிக்கிட்டிருக்கறப்ப யார் சார் நின்னு பம்ப் அடிக்கறது?" என்றும் கேட்டேன். ஏழுமலை அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்து, மேனேஜருக்கு நாற்பதுதான் இருக்கும்.

"ஏழுமலை அடிப்பான்."

பெட்டியா, பையா

ராஃப்ட் இரண்டு மாதிரி வரும். ஒன்று படகின் மேல்தட்டில் பொருத்தும் கெட்டிப் பெட்டி. இன்னொன்று தூக்கி வீசும் பை. சின்னப் படகில் பெட்டிக்கு இடமில்லை, பைதான் சரி என்று எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். நம்ப முடியாமல் காரணம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பை என்றால் சிதம்பரம் அலுவலகத்து பீரோவில் வைக்கலாமாம். கடலூரிலிருந்து சிதம்பரம் வர பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் சார், மூழ்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியாது என்றேன்.

"போறப்ப நோட்டுல கையெழுத்து போட்டு எடுத்துட்டுப் போங்கம்மா, வந்ததும் வெச்சிடுங்க."

மூட்டை

இந்தக் கதையில் சரியான கேள்வி கேட்ட ஒரே மனிதர் கடலூர் முதுநகரில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் ஜமால் பாய். "படகுல எத்தனை தலைம்மா?" என்றார். ஆறு என்றேன். எட்டுப் பேர் ராஃப்ட்டே வாங்கிவிடலாம், தாராளமாக இருக்கும் என்று நானே சேர்த்துக்கொண்டேன். அவர் ஒரு சாக்கில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை அள்ளிப் போட்டு, தராசில் வைத்து, "இதான் எட்டுப் பேர் ராஃப்ட்டோட வெயிட்டு. தூக்கி இந்த பெஞ்சுக்கு அந்தாண்ட போடு" என்றார். கடையில் இருந்த நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மூட்டை அசையவில்லை. குண்டுகளைக் குறைத்து ஆறு பேர் ராஃப்ட்டின் எடைக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது முயற்சியில், முழங்காலால் முட்டுக் கொடுத்து, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டேன். உள்ளங்கை இரண்டும் சிவந்து போயின. ஆறு பேர் பை என்று சீட்டில் எழுதிக்கொண்டார்.

"தூக்க முடியாட்டி அது ராஃப்ட் இல்லம்மா, நங்கூரம்."

ஓட்டுநர், இரண்டு

நான் ஆறு என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பம் நாலு என்று திருத்தப்பட்டு வந்தது. சிதம்பரத்துக்கு ஓடினேன். மேனேஜர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்: நான்கு பெயர்கள். மற்ற இருவர்? அவர்கள் படகு ஒப்பந்தத்தில் வருகிறார்களாம். அதையும் எடுத்துக் காட்டினார். படகோடு வரும் பொருட்கள்: பாய் ஒன்று, நங்கூரம் ஒன்று, கயிறு மூன்று சுருள், ஓட்டுநர் இரண்டு.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது: படகில் லைஃப் ஜாக்கெட்டும் நாலுதான். ஒன்றரை வருஷமாக அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, மாட்டாத இருவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போய் வந்திருக்கிறேன். அந்த வெட்கத்தையும் சேர்த்து அவர் மேலேயே கொட்டினேன். அவர் பதிவேட்டை மூடினார்.

"அவுங்க மீனவங்கம்மா, நீந்திடுவாங்க."

செல்வம் அண்ணன்

துறைமுகத்தில் இருவரும் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஏழுமலை அண்ணன் கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கோபம்.

"வுடு பாப்பா. நீங்க நாலு பேரும் உள்ள ஏறிக்குங்க. நான் வெளிய கயித்தப் புடிச்சுக்கிட்டு மெதப்பேன். எத்தினி வாட்டி கவுந்திருக்கேன்."

"செல்வம் அண்ணன்?"

செல்வம் அண்ணன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் நெல்லிக்குப்பம் பாப்பா. கரும்பு லோடு கட்டிக்கிட்டு இருந்தவன். இவரு தங்கச்சியக் கட்டுன பொறவுதான் கடலுக்கே வந்தேன்."

"நீச்சல் தெரியுமில்லண்ணே?"

"மச்சானுக்கா?" என்றார் ஏழுமலை அண்ணன். "முழங்கால் தண்ணிக்கே சாமி கும்புடுவாரு." மூன்று பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது நான்தான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆபீசுக்குத் தெரிந்தால் வேறு ஆள் போடுவார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள், சொல்லிவிடாதே என்றார் செல்வம் அண்ணன். ஏழுமலை அண்ணன் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மச்சான மட்டும் உங்க நடுவுல உக்கார வெச்சுக்குங்க பாப்பா, ஒல்லியாத்தான் இருக்காரு."

மூன்று வரி

என்னிடம் இருந்த ஒரே நல்ல வாதத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் வேலை போகும். வாதம் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து மூன்று வரி எழுதினேன். படகில் போவது ஆறு பேர். வாங்கப்போவது நால்வருக்கான ராஃப்ட். இடமில்லாத இருவர் இன்னார் என்று அலுவலகம் பெயர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் படகிலேயே ஒட்டிவைத்துக்கொள்கிறோம்.

எந்தத் தாளையும் தன் இஷ்டத்துக்குத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடும் மேனேஜர், அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். தாள் இயக்குநருக்குப் போனது. பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. இனி ஓட்டுநர்கள் உட்பட நான்கு பேருக்கு மேல் படகில் ஏறக் கூடாது. மாணவர்கள் இருவர் மட்டும் போகலாம். பாதுகாப்பில் அக்கறை கொண்ட இன்னார், அதாவது நான், இனி கரைப் பொறுப்பாளர். பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் போனேன். நான் கேட்டது ஆறு பேர் ராஃப்ட் சார், என் ஆராய்ச்சி என்ன ஆவது என்றேன். பதிவை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள் என்றார் மேனேஜர். டீ சொன்னார்.

"நீங்க கேட்டது அவுங்களுக்கு இடம்தானேம்மா? குடுத்தாச்சு."

முதல் நாள்

ராஃப்ட்டைப் பாய்மரத்தின் அடியில் கட்டவைத்தேன். பீரோ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. செல்வம் அண்ணன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வார் எங்கே போகும் என்று தெரியாமல் திண்டாடினார். நான் மாட்டிவிட்டேன். படகைத் தள்ளும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு வரி சொன்னார். அது உங்கள் இடம்தான் அண்ணே என்று நான் கத்துவதற்குள் பாயில் காற்று பிடித்துவிட்டது.

"ஒன் எடத்துல நான் உக்காந்திருக்கறாப்ல இருக்கு பாப்பா."

ராஃப்ட் வாங்கப் போகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எடை பாருங்கள், கூரை பாருங்கள், ஆனால் படகில் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் அலுவலகத்தின் கையில் கொடுக்காதீர்கள், தெப்பத்தைப் பெரிதாக்குவதைவிட ஆளைக் குறைப்பது அவர்களுக்குச் சுலபம் என்றுதான் சொல்வேன்.