பாஸ் ஓவர் கேட்கப் போனவன்

கறுப்புக் கோட்டுக்கு ஆண், பெண் கிடையாது என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். கட்சிக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. ஜீவனஹள்ளியில் எலிசபெத்தின் ஆபீசுக்கு வருகிறவர்கள் அவளைக் கும்பிட்டுவிட்டு, ஜூனியர் முகேஷின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்வார்கள். "சார் எப்ப வருவாரு?" என்று அவளிடமே கேட்டவர்களும் உண்டு. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து படித்து வக்கீலானவள் அவள். "லேடீஸுக்கு ஃபேமிலி கோர்ட்டுதான் மேடம் சரி" என்று சீனியர்கள் புத்தி சொன்னபோது, வீம்புக்கென்றே சொத்து வழக்குகளைப் பிடித்துக்கொண்டாள். மற்றதற்கெல்லாம் சிரித்துப் பழகியிருந்தாள்.

சின்னத்தாய் மட்டும் அப்படியில்லை என்று நம்பினாள். அங்கேதான் ஏமாந்தாள்.

சின்னத்தாய் பக்கத்துத் தெருக்காரி, லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. புருஷன் செத்ததும் கொழுந்தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளையும் மகளையும் தெருவில் நிறுத்தினான். அன்று போலீஸ் ஸ்டேஷனில் அவளோடு பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தவள் எலிசபெத். வீட்டை மீட்கக் கேஸ் போட்டதும், வருஷக்கணக்காக அலைந்ததும், கொழுந்தனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையில் திணறடித்ததும் அவள்தான். கடைசி வாதம் மட்டும் பாக்கி. அதைத் தன் வாயால் பேசி முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை. முகேஷை ஜட்ஜாக உட்காரவைத்து ஆபீசிலேயே திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தாள்.

வாதத்தன்று மேல்மாடி ஹாலில் இன்னொரு வழக்கில் மாட்டிக்கொண்டாள். இப்படி ஆனால் ஜூனியர் எழுந்து பாஸ் ஓவர் கேட்பது கோர்ட்டு வழக்கம். ஜட்ஜ் அந்தக் கேஸை ஒதுக்கிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுப்பார். அதற்காகத்தான் முகேஷைக் கீழே அனுப்பினாள். மூச்சு வாங்க அவள் இறங்கி வந்தபோது அவன் வாதத்தையே பேசி முடித்து உட்கார்ந்திருந்தான். வக்காலத்தில் அவன் பெயரும் இருந்ததால் அவன் பேசியது செல்லும். அவளே சேர்த்த பெயர். ஜட்ஜ் தீர்ப்புக்குத் தேதி சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் சின்னத்தாய் பக்கத்தில் நிற்க, முகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாஸ் ஓவர்தான் கேக்கப் போனேன் மேடம். இவங்கதான் நீயே பேசிடுன்னாங்க."

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். கடா கிடக்கட்டும். கயிற்றை அவிழ்த்துவிட்டது யார் என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

"ஏன் அக்கா?" என்றாள் சின்னத்தாயிடம்.

"கோச்சுக்காத கண்ணு. அவன் பேசுனது அத்தனையும் உன் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஆம்பள வாயில வந்தாத்தான் எடுபடும். ஜட்ஜு எப்படித் தலையாட்டுனாரு தெரியுமா."

தெரியாமல் செய்திருந்தால் எலிசபெத் மன்னித்திருப்பாள். இவள் தெரிந்தே செய்திருக்கிறாள். இத்தனை வருஷம் தன் நியாயத்துக்காகக் கத்திய குரலை, முடிவு நேரத்தில் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டாளே, பாவி.

சின்னத்தாய் அதோடு விடவில்லை. பின்னால் நின்ற மகள் வைஷ்ணவியை முன்னால் இழுத்தாள். "இவ புருஷன் போட்டு அடிக்கிறான். டைவர்ஸ் கேஸு, நீதான் பாக்கணும். பொம்பள விஷயத்த பொம்பளகிட்டதான சொல்ல முடியும்?"

அதுக்கும் உன் ஆம்பளை வக்கீலையே வைத்துக்கொள் என்று எலிசபெத்துக்கு வாய் வரை வந்தது. வைஷ்ணவியின் கழுத்தோரம் காயம் தெரிந்தது. வந்ததை விழுங்கினாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வா வைஷ்ணவி. கோர்ட்டுல நான்தான் பேசுவேன்."

"நானும் கூட்டிட்டு வரேன் கண்ணு," என்றாள் சின்னத்தாய்.

"நீங்க வேணாம் அக்கா. உங்க வக்கீலு அதோ நிக்கிறாரு."

சின்னத்தாயை அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.